கடையின் கணக்குப்பொறி மாறும்போது



நம் தோட்டங்களிலிருந்து ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் அநேகர். விடியுமுன் எழுந்து பேருந்துக்கு நிற்பவர்களும் உண்டு. அங்கேயே அறை எடுத்துத் தங்கி, மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருபவர்களும் உண்டு. அவர்களில் பலருக்குச் சிராங்கூன் சாலையிலும் தேக்காவிலும் மளிகைக்கடை, துணிக்கடை, நகைக்கடை, சாப்பாட்டுக்கடை, சரக்குக் கிடங்கு ஆகிய இடங்களில் வேலை. அப்படிப்பட்ட பிள்ளை ஒருநாள் தொலைபேசியில், "அம்மா, எங்கள் கடையில் புது சிஸ்டம் வரப்போகுதாம்" என்று சொன்னால், கேட்கிற தாய்க்கு முதலில் தோன்றுவது ஒரே கேள்விதான். வேலை போய்விடுமா?

சிஸ்டம் மாறியதற்காக அன்றைக்கே ஆளை வீட்டுக்கு அனுப்பும் கடைகள் குறைவு. ஆயினும் அந்தத் தாயின் அச்சம் காரணமில்லாதது என்று நான் சொல்லமாட்டேன். மாற்றம் வரும் நாளில் வேலையாளுக்கு நேரும் துன்பம் வேறு விதமானது. விலைச்சீட்டு ஒரு தொகை சொல்லும், பொறி வேறொரு தொகை சொல்லும். வாடிக்கையாளர் சத்தம் போடுவார். இரவு கணக்கு முடிக்கையில் கல்லாவில் பணம் குறையும். "நீதானே அங்கே நின்றாய்?" என்று ஒரு விரல் நீளும். அந்த விரல் நீளாமல் இருக்க, மாற்றம் வருமுன்பே முதலாளியும் வேலையாட்களும் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தம் என்ன என்பதுதான் இன்றைய பேச்சு.

சிஸ்டம் என்பது என்ன? கடைக் கல்லாவில் இருக்கும் கணிப்பொறிக்குள் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். எந்தச் சாமானுக்கு என்ன விலை, எவ்வளவு இருப்பு, அரசாங்கத்துக்கு எவ்வளவு வரி, யார் எத்தனை மணிக்கு விற்றார் என்பதையெல்லாம் அந்தக் கணக்குப்பிள்ளை எழுதி வைக்கிறார். அவருக்குக் கொடுக்கப்பட்டுள்ள கட்டளைகளின் தொகுப்பையே மென்பொருள் என்கிறோம். அந்தக் கட்டளைகளை அவ்வப்போது மாற்றி எழுத நேரிடுகிறது. சட்டம் மாறினால் மாற்ற வேண்டும். பொறியைச் செய்த நிறுவனம் பழைய வகையைக் கைவிட்டாலும் மாற்ற வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 என்ற தன் அடிப்படை மென்பொருளுக்குத் தந்துவந்த இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதை நம்பியிருந்த சிறு கடைகள் எத்தனையோ புதியதற்கு மாற வேண்டியதாயிற்று.

இது கணிப்பொறி வந்த பிறகு வந்த தொல்லை என்று எண்ணிவிட வேண்டாம். நம் பாட்டிமார்கள் சந்தையில் மீனையும் காய்கறியையும் கட்டிக் கணக்கில் வாங்கினார்கள். ஒரு கட்டிக்குப் பதினாறு தாகில். இன்றைய அளவில் ஏறக்குறைய 605 கிராம். 1970-களில் சிங்கப்பூரும் மலேசியாவும் கிலோ முறைக்கு மாறத் தொடங்கின. தராசுத் தட்டில் இருந்தது அதே மீன்தான். ஆனால் கட்டி விலையைக் கிலோ விலையாக மாற்றிச் சொல்லத் தெரியாத வியாபாரி நஷ்டப்பட்டார், மாற்றிப் பார்க்கத் தெரியாத வாடிக்கையாளர் ஏமாந்தார். தராசை மாற்றுவது ஒரு நாள் வேலை. தராசைப் பிடிப்பவரையும் பார்ப்பவரையும் பழக்குவதற்குத்தான் வருடங்கள் ஆயின.

இனி தேக்காவுக்கு வருவோம்.

சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 1994 ஏப்ரல் 1-ஆம் தேதி 3 விழுக்காட்டில் தொடங்கியது. 2003-இல் 4, 2004-இல் 5, 2007 ஜூலையில் 7 என உயர்ந்தது. பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அசையவில்லை. அதன்பின் 2023 ஜனவரி 1-ஆம் தேதி 8, 2024 ஜனவரி 1-ஆம் தேதி 9 என்று அடுத்தடுத்த இரு புத்தாண்டுகளில் இருமுறை ஏறியது. ஆண்டுக்குப் பத்து லட்சம் வெள்ளிக்கு மேல் வரிக்குட்பட்ட வியாபாரம் செய்யும் கடைகள் இந்த வரிக்குப் பதிந்துகொள்ள வேண்டும். பதியாத சிறு கடை இந்த வரியை வாங்கவே கூடாது. ஆகவே பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் ஒன்றுக்கு இந்த மாற்றம் பெரிய வேலை, மற்றொன்றுக்கு ஒன்றுமே இல்லை.

ஒரு விழுக்காடு என்றால் அற்பம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வரி சேர்க்குமுன் 20 வெள்ளி பெறும் ஒரு சாமான் 2023 டிசம்பர் 31-ஆம் தேதி 21 வெள்ளி 60 காசு. மறுநாள் 21 வெள்ளி 80 காசு. வித்தியாசம் 20 காசு. சிங்கப்பூரில் கடைகள் வரியையும் சேர்த்த விலையைத்தான் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். எனவே நள்ளிரவில் கணக்குப்பொறியை மட்டும் மாற்றினால் போதாது. அலமாரியில் ஒட்டியிருக்கும் ஆயிரக்கணக்கான விலைச்சீட்டுகளும் மாற வேண்டும். பொறி மாறிச் சீட்டு மாறாவிட்டால், வாங்குபவர் சீட்டைத்தான் காட்டுவார், அதில் நியாயமும் உண்டு. கல்லாவில் நிற்கும் பிள்ளை என்ன செய்யும்? 20 காசை விட்டுக்கொடுக்கும். முந்நூறு பேருக்கு விட்டுக்கொடுத்தால் இரவில் 60 வெள்ளி குறையும்.

ஓர் இரவில் எல்லாச் சீட்டையும் மாற்ற இயலாத கடைகள் இரண்டு விலைகளையும் முன்கூட்டியே காட்டி வைக்கலாம் என்று உள்நாட்டு வருவாய் ஆணையம் வழி சொல்லியிருந்தது. டிசம்பர் 31 வரை இந்த விலை, ஜனவரி 1 முதல் இந்த விலை என்று ஒரே சீட்டில் எழுதி ஒட்டிவிடலாம். நல்ல ஏற்பாடு. வாடிக்கையாளருக்கும் விளங்கும், வேலையாளும் வாய்வலிக்கப் பேச வேண்டியதில்லை.

நகைக்கடையில் இதைவிடச் சிக்கல். டிசம்பரில் தாலிச் சங்கிலிக்கு முன்பணம் கட்டிவிட்டு ஜனவரியில் மீதியைக் கட்டி வாங்கிப் போகிறார் ஒருவர். டிசம்பரில் கட்டிய பணத்துக்குப் பழைய 8 விழுக்காடு. ஜனவரியில் கட்டி, ஜனவரியிலேயே பொருளையும் பெற்றால் அந்த மீதிக்கு 9 விழுக்காடு. டிசம்பரில் வாங்கிய புடவையை ஜனவரியில் திருப்பிக்கொண்டு வந்தால், அன்று வாங்கிய 8 விழுக்காட்டுக் கணக்கில்தான் பணத்தைத் திருப்ப வேண்டும். இவற்றைப் பொறி தானே பார்த்துக்கொள்ளும் என்று விற்பனையாளர் சொல்லுவார். பழைய பற்றுச்சீட்டின் எண்ணை வேலையாள் சரியாகத் தட்டினால்தான் அது பார்த்துக்கொள்ளும். தட்டத் தெரியுமா என்று முன்கூட்டியே கேட்டவர் யார்?

என்னிடம் படித்த ஒரு பெண் அங்கே ஒரு கடையில் வேலை பார்த்தாள். கடையின் பெயர் இங்கே வேண்டாம். புதுப் பொறி வைத்த வாரத்தில் அவளுக்கு முக்கால் மணி நேரம் காட்டிக்கொடுத்தார்கள். அதுவும் ஆங்கிலத்தில், வாடிக்கையாளர் வந்துபோகும் நேரத்தில். பொருள் திரும்ப வந்தால் எந்தப் பொத்தான் என்பதைச் சொல்லவே இல்லை. மூன்றாம் நாள் கணக்கில் நாற்பது வெள்ளி குறைந்தது. அவள் பேசாமல் தன் கைப்பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டாள். கேட்டபோது, "எதுக்கு சார் பிரச்சினை?" என்றாள்.

தாய்மார்களே, இதைச் சற்றுக் கவனித்துக் கேளுங்கள். சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டத்தின்படி, பணமோ பொருளோ நஷ்டமானதற்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால் முதலில் விசாரிக்க வேண்டும். வேலையாள் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அவருடைய நேரான தவறு என்று தெளிந்த பிறகே பிடிக்கலாம். அதுவும் ஒரே ஒரு முறைதான், ஒரு மாதச் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் போகக்கூடாது. 2016 ஏப்ரல் முதல் சம்பளச்சீட்டில் என்ன பிடித்தார்கள் என்று வகைவகையாக எழுதித் தருவதும் கட்டாயம். குறை இருந்தால் மனிதவள அமைச்சை நாடலாம். தானாகவே கைப்பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டால் விசாரணை ஏது, கணக்கு ஏது? பொறியில் இருக்கும் கோளாறும் வெளியே வராமல் புதைந்துபோகும்.

இதனால்தான் ஆளுக்கொரு கடவுச்சொல் வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். பல கடைகளில் ஒருவர் காலையில் திறந்துவிட்ட பொறியில் நாள் முழுதும் ஐந்து பேர் விற்பார்கள். சௌகரியமாகத்தான் இருக்கும். குறையும்போது எழுதியிருப்பது ஒரே பெயர். புது சிஸ்டம் வருகிற நாளே இந்தப் பழக்கத்தை விட்டொழிக்க நல்ல நாள்.

ஆயத்தத்தில் எவரும் விரும்பாத, ஆனால் மிகவும் பயன்தரும் வேலை ஒன்று உண்டு. அது சாமான் பட்டியலைச் சுத்தம் செய்வது. பத்து வருடமாக ஓடும் மளிகைக்கடையில் கொத்தமல்லி விதை ஒரு பெயரில், தனியா இன்னொரு பெயரில், மல்லி மூன்றாவது பெயரில், ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாகப் பதிந்திருக்கும். ஒரே மூட்டை, மூன்று கணக்கு. ஒன்றில் இருப்பு நூறு, ஒன்றில் பூஜ்யம், ஒன்றில் பூஜ்யத்துக்கும் கீழே! பூஜ்யத்துக்குக் கீழே கொத்தமல்லி எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். பழைய பொறிகளில் இருக்கும். இந்தக் குப்பையை அப்படியே அள்ளிப் புதுப் பொறியில் கொட்டினால் குப்பை புது வீட்டுக்குக் குடிபோனதாக அர்த்தம். எந்தப் பெயர் எந்த மூட்டை என்று சொல்லக்கூடியவர் அலமாரி அடுக்கும் வேலையாள்தான். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. ஆகவே அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, நாளுக்கு ஓர் அலமாரி என்று ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். இப்படி உட்கார்ந்து பார்த்தவருக்கு மாற்றத்தன்று புதுப் பொறி அந்நியமாகவும் இருக்காது.

பயிற்சி என்று ஒன்று நடக்கிறதே, அதைப் பற்றி ஓர் ஆசிரியன் என்ற முறையில் எனக்குச் சில உறுதியான எண்ணங்கள் உண்டு. கரும்பலகையில் எழுதிக்காட்டினால் பிள்ளை படித்துவிட்டதாக எந்த ஆசிரியரும் நினைப்பதில்லை. கையில் சுண்ணாம்புக்கட்டியைக் கொடுத்து எழுதச் சொல்லுகிறோம். கடையிலும் அப்படித்தான். பெரும்பாலான மென்பொருள்களில் பயிற்சிக்கென்று ஒரு போலிக் கடையைத் திறந்துகொள்ளலாம்; அதில் எத்தனை தப்புச் செய்தாலும் காசு நஷ்டமில்லை. அதில் ஒவ்வொருவரும் விற்க வேண்டும், பாதியில் ரத்து செய்ய வேண்டும், திரும்பி வந்த பொருளை ஏற்க வேண்டும், அட்டையில் பாதியும் ரொக்கத்தில் பாதியும் வாங்க வேண்டும், கடைசியில் கல்லாவை மூட வேண்டும். தமிழ் பேசுபவருக்குத் தமிழில், வங்காளி பேசுபவருக்கு வங்காளியில், மலாய்க்காரருக்கு மலாயில் சொல்லட்டும். மற்றவர்கள் சந்தேகம் கேட்க ஒருவரை வைப்பதானால், வேகமாகத் தட்டுபவரை வைக்காதீர்கள். பத்தாம் தடவை கேட்டாலும் முகம் சுளிக்காதவரை வையுங்கள். இரவு வேலைக்காரரையும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருபவரையும் மறந்துவிடுவார்கள். அவர்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பெரிய அமைப்புகளே இதில் தடுமாறியதுண்டு. 2024 ஜனவரி 9-ஆம் தேதி சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம் ஓர் அறிவிப்புச் செய்தது. பேருந்திலும் ரயிலிலும் பெரியவர்கள் பயன்படுத்திவந்த பழைய ஈசிலிங்க் அட்டைகளும், நெட்ஸ் ஃபிளாஷ்பே அட்டைகளும் ஜூன் 1 முதல் செல்லாது; சிம்பிளிகோ என்ற புது முறைக்கு எல்லோரும் மாற வேண்டும் என்றது. அப்போதைய புது முறையில் அட்டையைத் தட்டும்போது கட்டணம் எவ்வளவு, மீதி எவ்வளவு என்பது அந்த இடத்திலேயே தெரியவில்லை. வேறு வழியில் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பொறியாளர்களுக்கு அது சிறிய விஷயமாக இருந்திருக்கலாம். எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவருக்கு அந்த மீதித்தொகைதான் முக்கியம். மக்கள் அட்டையை மாற்ற வரிசையில் நின்றார்கள், குறைகூறினார்கள். ஜனவரி 22-ஆம் தேதி, அதாவது இரண்டே வாரத்துக்குள், அரசாங்கம் முடிவை மாற்றிக்கொண்டது. பழைய முறையையும் நீடிப்பதற்கு மேலும் 4 கோடி வெள்ளி செலவாகும் என்று அறிவித்தார்கள். முடிவை மாற்றிக்கொண்டது பாராட்டத்தக்கதே. பயணிகள் சிலரைக் கூப்பிட்டு, "உங்களுக்கு இதில் எது வேண்டும்?" என்று முதலிலேயே கேட்டிருந்தால் இவ்வளவு அலைச்சல் நேர்ந்திராது என்பது என் எண்ணம்.

அதே ஊர் முன்னொரு காலத்தில் இதைச் செவ்வையாகவும் செய்திருக்கிறது. துறைமுகச் சரக்குக்கான அனுமதித் தாள்களைக் கையில் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்த காலம் போய், 1989 ஜனவரி 1-ஆம் தேதி டிரேட்நெட் என்ற கணிப்பொறி வலை தொடங்கியது. நாட்கணக்கில் பிடித்த அனுமதி கால் மணி நேரத்தில் கிடைக்கலாயிற்று. அங்கே எல்லாரையும் ஒரே நாளில் இழுத்துவிடவில்லை. சில நிறுவனங்களோடு தொடங்கி, அவர்கள் தட்டுத்தடுமாறியதைப் பார்த்துத் திருத்தி, பிறகுதான் மற்றவர்களைச் சேர்த்தார்கள். இரண்டு கல்லா உள்ள கடையிலும் இதைச் செய்யலாம். முதல் வாரம் ஒரு கல்லாவில் மட்டும் புதியதை வைத்துப் பார்க்கட்டுமே!

எந்த நாளில் மாற்றுவது? லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமையன்று மாற்றுகிறவரை என்னவென்று சொல்லுவது! தங்கும் விடுதிகளிலிருந்து ஊழியர்கள் விடுமுறை நாளில் வந்து திரண்டு, சிராங்கூன் சாலையில் கால்வைக்க இடமிராது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் ஆகாது, பொங்கலுக்கு முந்தைய நாட்களும் ஆகாது. கூட்டம் குறைந்த ஒரு செவ்வாயோ புதனோ, காலை நேரம் நல்லது. கோளாறு வந்தால் மென்பொருள் நிறுவனத்தில் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்கும். முதல் நாள் இரவே கணக்கு முழுவதையும் நகல் எடுத்து வைக்க வேண்டும். நகல் எடுத்தால் மட்டும் போதாது, அது திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பழைய பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் கைக்கணக்குப் பொறியையும் கல்லாவுக்கடியில் வைத்திருக்கச் சொல்லுங்கள். 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பினால் உலகெங்கும் ஏறக்குறைய 85 லட்சம் கணிப்பொறிகள் முடங்கின. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்ய நேர்ந்தது. கையால் செய்யத் தெரிந்தவர்கள் இருந்ததால் விமானங்கள் கிளம்பின. நம் கடைப் பிள்ளைகளுக்கு 9 விழுக்காட்டைத் தாளில் போடத் தெரிய வேண்டும். வரி சேர்ந்த தொகையை 109-ஆல் வகுத்து 9-ஆல் பெருக்கினால் அதில் அடங்கிய வரி வரும். 21 வெள்ளி 80 காசில் 1 வெள்ளி 80 காசு. ஆறாம் ஆண்டுப் பிள்ளை போடக்கூடிய கணக்குத்தான்.

மோசடிக்காரர்களுக்கும் இது அறுவடைக் காலம். "உங்கள் சிஸ்டத்தை மாற்ற வேண்டும், ரகசிய எண்ணைச் சொல்லுங்கள்" என்று தொலைபேசியில் கேட்பார்கள். சொல்லக்கூடாது. சந்தேகமிருந்தால் சிங்கப்பூரில் 1799 என்ற எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்த மாற்றமும் வாசலுக்கு வந்துவிட்டது. இன்வாய்ஸ்நவ் என்று அதற்குப் பெயர். விலைப்பட்டியலைத் தாளில் அச்சடித்தோ மின்னஞ்சலில் படமாகவோ அனுப்புவதற்குப் பதிலாக, விற்பவரின் கணக்குப்பொறியிலிருந்து வாங்குபவரின் கணக்குப்பொறிக்கு நேரே போய்ச் சேரும் முறை இது; மறுபடி எவரும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. 2019 ஜனவரியில் சிங்கப்பூர் இதைத் தொடங்கியது. வருவாய் ஆணையத்துக்கும் இந்த விவரங்கள் போய்ச் சேர வேண்டும் என்ற விதியைப் படிப்படியாக வைத்தார்கள். 2025 மே 1 முதல் விரும்பியவர்கள் சேரலாம். அவ்வாண்டு நவம்பர் 1 முதல், புதிதாகத் தொடங்கித் தாமே முன்வந்து வரிக்குப் பதியும் நிறுவனங்களுக்குக் கட்டாயம். 2026 ஏப்ரல் 1 முதல் தாமே முன்வந்து புதிதாகப் பதியும் எல்லாருக்கும் கட்டாயம் என்று வகுத்தார்கள். நம் மலேசியாவிலும் மின் விலைப்பட்டியல் 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் வியாபாரம் செய்பவர்களிடம் தொடங்கிப் படிப்படியாகச் சிறிய நிறுவனங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. ஆகவே பாலத்துக்கு இந்தப் பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

இந்த முறையில் வாங்கும் நிறுவனத்தின் பதிவு எண்தான் முகவரி. கடைசியில் வரும் ஒரு எழுத்து தவறினாலும் பட்டியல் போய்ச் சேராது. சேராவிட்டால் பணம் வராது. சாப்பாட்டுக்கடைகளுக்கு மொத்தமாக அரிசியும் பருப்பும் அனுப்பும் கிடங்கில் உங்கள் பிள்ளை வேலை பார்த்தால், இப்போதே ஒரு நோட்டுப் புத்தகத்தில் வாடிக்கை நிறுவனங்களின் பெயரையும் பதிவு எண்ணையும் அவர்களுடைய பழைய பட்டியல்களைப் பார்த்து எழுதி, ஒருவர் படிக்க ஒருவர் சரிபார்க்கட்டும். அதே நோட்டின் பின்பக்கத்தில், மாற்றம் வந்தபின் நேரும் கோளாறுகளைத் தேதி, நேரம், தொகையோடு குறித்து, அன்றன்றைக்கே மேலாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும்.

சம்பளச்சீட்டில் உள்ள ஒவ்வொரு வரியையும் எப்படிப் படிப்பது என்று அடுத்த பேச்சில் பார்ப்போம். வீட்டில் பழைய சம்பளச்சீட்டு ஒன்று இருந்தால் எடுத்து வைத்திருங்கள்.